எங்கள் மாடி விளக்கும் ஆமைக் குஞ்சுகளும்

2024 ஏப்ரலில் ஒரு நாள் விடியற்காலை. வாசல் தெளித்துக் கோலம் போடலாமென்று வாளியும் கையுமாக கேட்டைத் திறந்தேன். காலடியில் கறுப்பாக என்னவோ கிடந்தது. குழந்தைகளின் ரப்பர் பொம்மை என்று நினைத்துக் குனிந்தால்... ஆமைக் குஞ்சு! ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. காய்ந்து சுருங்கிக் கிடந்தது. அதற்கு அப்பால் ஒன்று, சாக்கடை ஓரத்தில் மூன்று. எண்ணிப் பார்த்தால் பதினொன்று. நாலைந்தைக் காக்கைகள் கொத்திக்கொண்டிருந்தன.

எங்கள் குடியிருப்பு கொட்டிவாக்கத்தில், கடல் மணலுக்கு ஒரு தெரு தள்ளி. குடிவந்து மூன்று வருஷம் ஆகியும் அந்தக் கடலில் ஆமை இருக்கிறதென்றுகூட எனக்குத் தெரியாது. கடல் என்றால் காற்று, சுண்டல், அலமாரிப் பூட்டு துருப்பிடிப்பது - அவ்வளவுதான்.

இரண்டு மட்டும் இன்னும் துடுப்பை அசைத்துக்கொண்டிருந்தன. என் பெரிய பெண் ஓடிப்போய் பிளாஸ்டிக் டப்பாவில் குழாய்த் தண்ணீர் பிடித்து வந்தாள். நல்ல வேளை, அந்த நேரம் பார்த்து மீன்காரம்மா கூடையோடு வந்தாள்.

"அய்ய, தண்ணில போடாத யம்மா! ஈர மணல்ல வை. பங்குனி ஆமைக் குஞ்சு இது. கடல்னு நெனைச்சு வெளிச்சத்தப் பாத்து இங்க வந்திருக்கு, பாவம்."

பங்குனி வாக்கில் கரையேறி முட்டை வைப்பதால் இந்தப் பக்கத்து மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் பங்குனி ஆமை. இங்கிலீஷில் ஆலிவ் ரிட்லி. மீன்காரம்மா தனக்குத் தெரிந்த பையன்களுக்குப் போன் போட்டாள். அரை மணியில் இரண்டு கல்லூரிப் பையன்கள் ஸ்கூட்டரில் வந்து, உயிரோடிருந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். போகும்போது ஒருவன், "ஆன்ட்டி, ஜனவரியிலிருந்து வெள்ளி, சனி ராத்திரியில எங்களோட நடக்க வாங்களேன்" என்றான். நான் சிரித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். ராத்திரி நடையாவது! எனக்கு என்ன வேறு வேலை இல்லையா?

ஆனால் அந்தப் பதினொன்றும் மனசைவிட்டுப் போகவில்லை. போன வருஷம், 2025 மாசி மாதம், ஒரு சனிக்கிழமை சின்னவனை அவரிடம் விட்டுவிட்டு, பெரியவளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். "நடுராத்திரியிலே பெண் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ஆமை பிடிக்கப் போறியா?" என்று மாமியார் கேட்டார். "பிடிக்க இல்லை அத்தை, பார்க்க" என்றேன்.

அந்தப் பையன்கள் ஸ்டூடண்ட்ஸ் ஸீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்ற அமைப்பைச் சேர்ந்தவர்கள். 1988-ல் மாணவர்கள் ஆரம்பித்தது. பெயர்தான் நீளமே தவிர, சம்பளம் கிடையாது. படிக்கிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் தூக்கத்தை விட்டுவிட்டு நடக்கிறார்கள். இதற்கும் முன்பே, 1970-களில், பாம்புப் பண்ணை ரோமுலஸ் விட்டேகரும் அவருடைய சகாக்களும் இதே மணலில் ராத்திரி நடந்து முட்டைகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். இவரைப் பற்றி ஒரு விஷயம் கேள்விப்பட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. 1982-ல் ஆமைகளைப் பார்ப்பதற்காக லட்சத்தீவில் ஆளில்லாத ஒரு தீவில் மழைக்காலம் முழுக்கத் தனியாக இருந்தாராம். ஊரில் மனைவியும் கைக்குழந்தையும். தபால் கிடையாது. மனைவிக்கு எழுதிய கடிதத்தை ஒரு பாட்டிலில் அடைத்துக் கடலில் எறிந்தார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவர் அதைத் தபாலில் சேர்த்து, கடிதம் வீடு வந்து சேர்ந்துவிட்டது! அந்த அம்மாள் அத்தனை மாதம் எப்படித்தான் இருந்தாரோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

நடை நீலாங்கரையில் ஆரம்பம், பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் சுமாருக்கு. டார்ச் அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது. முதல் அரை மணியிலேயே நாங்கள் பார்த்தது உயிரில்லாத ஆமைகளைத்தான். ஒரு தாம்பாளம் அளவுக்கு ஓடு, கண் பிதுங்கி, வயிறு ஊதி. அந்த ஜனவரியில் சென்னையிலும் அக்கம்பக்கத்துக் கடற்கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கிய செய்தியைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஆமை மீனைப் போல அல்ல. மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலையில் சிக்கி மணிக்கணக்கில் அடியிலேயே இழுபட்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். வலையிலிருந்து ஆமை மட்டும் வெளியேறுவதற்கு ஒரு கருவி இருக்கிறது. அதைப் பொருத்தினால் மீனும் கொஞ்சம் நழுவிவிடும் என்று படகுக்காரர்களுக்குப் பயம். கடன் வாங்கிப் படகு விட்டவர்களின் கஷ்டமும் தெரிகிறது. ஆனாலும் அந்த உடல்களைப் பார்த்தபோது என் பெண் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கூட்டி வந்தது தப்போ என்று நினைத்தேன்.

ஒரு மணி இருக்கும். முன்னே போன பையன் சட்டென்று கையைத் தூக்கினான். ஈர மணலில் டிராக்டர் டயர் போன தடம் மாதிரி ஒரு சுவடு, கடலிலிருந்து மேலே ஏறியிருந்தது. அதன் முடிவில் அவள்! பின் துடுப்புகளால் மாற்றி மாற்றி மணலை வாரிக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். கழுத்து குறுகி அடி அகன்ற குடம் மாதிரி குழி, ஒன்றரை அடி ஆழம். பிறகு இரண்டு இரண்டாக, மூன்று மூன்றாக முட்டைகள் விழுந்தன. வெள்ளையாக, டேபிள் டென்னிஸ் பந்து போல. ஆனால் ஓடு கெட்டியில்லை, தோல் மாதிரி மெத்தென்று. பெருமூச்சு விட்டாள் பாருங்கள், பிரசவ வார்டில் கேட்ட அதே பெருமூச்சு! கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"அம்மா, அது அழுவுது" என்றாள் பெண்.

"இல்லை பாப்பா, உடம்பில் சேர்ந்த உப்பைக் கண் வழியா வெளியே தள்ளுது" என்றான் பையன். இருக்கலாம். விஞ்ஞானம் அப்படித்தான் சொல்லும். பெற்றவளுக்கு வேறு மாதிரியும் தோன்றும்.

குழியை மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மணலைத் தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கடலுக்குள் போய்விட்டாள். குஞ்சு பொரிப்பதைப் பார்க்க அவள் வரப்போவதில்லை. பையன்கள் கையாலேயே மணலை விலக்கி முட்டைகளை எடுத்துத் துணிப் பையில் வைத்தார்கள். நூற்றுப் பதினெட்டு! சில மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டுமாம்; கரு பிடித்த பிறகு புரட்டினால் கெட்டுவிடும். வனத்துறை அனுமதியோடுதான் இதைச் செய்கிறார்கள். நீங்களோ நானோ தோண்டினால் குற்றம்.

இதற்குப் பிறகு கொட்டிவாக்கம் வந்தோம். இன்னொரு சுவடு. மேலே ஏறி, பாதியில் வளைந்து, குழியே தோண்டாமல் கடலுக்குத் திரும்பியிருந்தது. "இங்க இப்படித்தான் ஆன்ட்டி. அந்த வெளிச்சத்தைப் பார்த்துட்டு முட்டை போடாமலே போயிடும். குஞ்சாக இருந்தால் நேர் எதிரா அங்கேயே ஓடும்" என்று கை காட்டினான்.

நிமிர்ந்து பார்த்தேன். வீடுகளின் நடுவே, மணல் வரைக்கும் பகல் மாதிரி வெளிச்சம் பாய்ச்சிக்கொண்டிருந்தது எங்கள் மொட்டைமாடி ஃபோகஸ் விளக்கு! இரண்டு வருஷம் முன்பு மோட்டார் திருடு போனபோது, "பெரிசா ஒண்ணு போடுங்க" என்று கூட்டத்தில் முதலில் சொன்னவளே நான்தான். அந்தப் பதினொன்றும் தெரு விளக்கைப் பார்த்து வந்தவை என்று ஒரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பையனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஒரே ஒரு கணக்குத்தான் தெரியும். எந்தப் பக்கம் வானம் வெளிச்சமாகத் தெரிகிறதோ அந்தப் பக்கம் கடல். விளக்கில்லாத காலத்தில் அந்தக் கணக்கு தப்பவே தப்பாது. நட்சத்திர வெளிச்சம் பட்டு கடல்தானே மினுங்கும்!

அடுத்த ஞாயிறே குடியிருப்புக் கூட்டத்தில் பேசினேன். "திருடன் வந்தா ஆமை வந்து பிடிக்குமா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வழி கண்டுபிடித்தது என் வீட்டுக்காரர். ஃபோகஸ் விளக்கைக் கடல் பக்கமிருந்து கேட் பக்கம் திருப்பி, மேலே தகட்டு மறைப்புப் போட்டு, மாடிக்கு ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரிகிற சென்சார் விளக்கு ஒன்று. வீட்டுக்கு நூற்றைம்பது ரூபாய்தான் ஆயிற்று. கரண்டு பில்லும் குறைந்தது என்பதைக் கேட்டபிறகு இரண்டு பேர் மனம் மாறினார்கள். இரண்டாம் மாடி பால்கனிக்காரர் மட்டும் இன்றுவரை மாறவில்லை. ஜனவரி முதல் மே வரையாவது திரை போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

நாங்கள் பார்த்த அந்த நூற்றுப் பதினெட்டையும் பெசன்ட் நகர் மணலில் வேலி கட்டிய பொரிப்பகத்தில், அதே ஆழத்தில் அதே குடம் போன்ற குழி தோண்டிப் புதைத்து, தேதி எழுதிய அட்டை நட்டிருந்தார்கள். நாற்பத்தைந்து நாளிலிருந்து பொரிக்கத் தொடங்குமாம். வயிற்றுக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று முடிவாவதில்லை, மணலின் சூட்டில்தான்! சூடு ஜாஸ்தியானால் பெண், குறைந்தால் ஆண். இதைக் கேட்ட மாமியார், "ஆமைகிட்டே ஏன் பெண்ணாப் பெத்தேன்னு கேட்க மாமியார் கிடையாது, கொடுத்து வெச்சது" என்றார்! அவரும் எனக்கு அப்படிக் கேட்டவர்தான். இருவரும் சிரித்துவிட்டோம். வெயில் ஏறிக்கொண்டே போனால் எல்லாமே பெண்ணாகிவிடும் என்பது மட்டும் சிரிக்கிற விஷயமில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. குடும்பத்தோடு ஓடினோம். குழி மேல் கவிழ்த்த கூடைக்குள் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் புரண்டுகொண்டிருந்தன. தொண்ணூற்றேழு பொரித்திருந்தன. தண்ணீரில் கொண்டுபோய் விடுவதில்லை. கொஞ்ச தூரம் மணலில் தானாகவே நடந்து போகவிடுகிறார்கள். இந்தக் கரையின் நினைவு அப்போதுதான் பதியுமாம். பெண் குஞ்சுகளில் பிழைக்கிறவை பத்துப் பதினைந்து வருஷம் கழித்து முட்டையிட இந்தப் பக்கத்துக் கரைக்கே வரும். ஆயிரத்தில் ஒன்று பிழைத்தால் அதிகம் என்கிறார்கள்.

கடைசியாக ஒன்று மட்டும் திரும்பித் திரும்பிச் சாலைப் பக்கமே ஓடியது. ஓட்டல்களின் விளக்கு அந்தப் பக்கம். மாமியார் புடவைத் தலைப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, அந்த வெளிச்சத்தை மறைத்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டார். குஞ்சு ஒரு கணம் நின்றது. பிறகு கடல் பக்கம் திரும்பியது.