டொக்டர் ஹூ: அழிக்கப்பட்ட நாடாக்களும் காத்துவைத்த இரசிகர்களும்

லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் பாதாள ரயில் நிலையத்தின் வாசலில் நீலநிறப் பெட்டியொன்று நிற்கின்றது. நெற்றியில் 'பொலிஸ்' என்று எழுதப்பட்ட இப்பெட்டி, பழைய மாதிரியில் 1996ஆம் ஆண்டு அங்கு நிறுவப்பட்டது. வானொலிக் கருவிகள் கைக்கு வருமுன்னர், ரோந்து செல்லும் பொலிஸார் தமது நிலையத்துடன் தொலைபேசியில் பேசுவதற்கென இத்தகைய பெட்டிகள் நகரெங்கும் நின்றன. இன்று அதன் முன்னால் பிள்ளைகளும், பிள்ளைகளை விட ஆர்வத்தோடு நரைத்த தலையரும் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். பொலிஸ் என்ற எழுத்தைக் கண்டதுமே வீதியின் மறுபக்கம் மாறி நடக்கப் பழகிய எம்மவர்க்கு இது விந்தையாகவே தோன்றும். நானும் அந்த வரிசையில் நின்று படம் எடுத்தவன்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெட்டிக்குப் பெருமை தந்தவர்கள் பொலிஸார் அல்லர், பி.பி.சி. தொலைக்காட்சியின் 'டொக்டர் ஹூ' என்ற விஞ்ஞானக் கற்பனைத் தொடரே. காலத்திலும் அண்டவெளியிலும் விரும்பிய இடத்துக்குச் செல்லும் கலமொன்று, லண்டனில் ஒரு பழைய இரும்புச் சாமான் முற்றத்தில் பொலிஸ் பெட்டி வடிவில் ஒளிந்திருக்கின்றது. வெளியே அலுமாரியளவு, உள்ளேயோ பெரும் மண்டபம். அதில் வாழும் கிழவரும் அவருடைய பேத்தியும் தமது சொந்தக் கிரகத்தினின்று துண்டிக்கப்பட்டவர்கள். நண்பரோ பாதுகாப்போ இன்றி அலைபவர்கள். என்றோ ஒரு நாள் திரும்புவோம் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள். முதல் அத்தியாயத்திலேயே கிழவர் இதனைச் சொல்லிவிடுகின்றார். அகதி என்ற சொல் அங்கு இல்லை. எமக்கு அந்தச் சொல் தேவையாகவும் இருக்கவில்லை.

1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி சனிக்கிழமை மாலை அந்த அத்தியாயம் ஒளிபரப்பாகியது. முதல்நாள் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். நாடகத்தைக் கவனிக்கும் மனநிலையில் பலர் இருக்கவில்லை. ஆதலால் மறுவாரம் அதே அத்தியாயத்தை மீண்டும் காட்டிவிட்டே இரண்டாவதை ஒளிபரப்பினார்கள். இப்படித் தடுமாறித் தொடங்கிய தொடர் 1989 வரை ஓடியது, நிறுத்தப்பட்டது, 2005இல் மீண்டும் உயிர்பெற்றது.

இதனைத் தோற்றுவித்தவர்களைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பி.பி.சி.யின் நாடகப் பிரிவுக்குத் தலைவராக வந்த சிட்னி நியூமன் கனடாக்காரர். அவர் தயாரிப்பாளராக நியமித்த வெரிற்றி லம்பேர்ட் இருபத்தேழு வயது யூதப் பெண். அந்நாளில் அப்பிரிவில் தயாரிப்பாளராக இருந்த ஒரேயொரு பெண். முதல் அத்தியாயத்தை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்து, 1946இல் சிறுவனாக இங்கிலாந்துக்கு வந்தவர். அவருடைய தாயார் அத்தியா ஹுசைன், ஆங்கிலத்தில் எழுதிய நாவலாசிரியை, பி.பி.சி.யின் கீழைத்தேயச் சேவையிலும் பணிபுரிந்தவர். இருபத்துநான்கே வயதான வாரிஸ் ஹுசைன், ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியிலிருந்த லைம் குரோவ் கலையகத்துள் நுழைந்தபோது அங்கிருந்த எவருடைய முகச் சாயலும் அவருடையதாக இருக்கவில்லை. வெளியாராகத் தாம் உணர்ந்ததைப் பிற்காலத்தில் அவரே பேட்டிகளிற் சொல்லியிருக்கின்றார். பெண்ணொருவர், இந்தியர் ஒருவர், கனடாக்காரர் ஒருவர் என்று கூடிச் செய்த வேலை இன்று பிரித்தானியாவின் தேசியச் சொத்துப்போல் போற்றப்படுகின்றது.

வாரிஸ் ஹுசைன் இயக்கிய இரண்டாவது கதை 'மார்க்கோ போலோ'. 1964 பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஏழு வாரங்கள் ஒளிபரப்பாகிய இக்கதை, குப்ளாய் கானின் அரண்மனைக்குச் செல்லும் நெடும் பயணத்தைச் சொல்வது. ஏழில் ஆறினை அவரே இயக்கினார். அந்த ஏழில் ஓர் அத்தியாயமேனும் இன்று எவருடைய கையிலும் இல்லை.

தீயோ வெள்ளமோ அதனைக் கொண்டுபோகவில்லை. பி.பி.சி.யே அழித்தது. அந்நாளில் ஒளிநாடா விலைமிக்க பொருள். ஒன்றின் மேல் இன்னொன்றாகப் பலமுறை பதியலாம். நடிகர் சங்கத்துடன் செய்த உடன்படிக்கையின்படி ஒரு நாடகத்தை மீண்டும் மீண்டும் காட்ட இயலாது. 1969இல் பி.பி.சி.யின் முதலாம் அலைவரிசைக்கும் வண்ணம் வந்துவிட்டபின் கறுப்பு வெள்ளைப் படத்தை யார் கேட்கப்போகின்றார்கள் என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. வெளிநாடுகளுக்கு விற்பதற்கென எடுத்த படச்சுருள்கள் மட்டும் எஞ்சியிருந்தன. விற்பனை உரிமை முடிந்ததும் அவையும் எறியப்பட்டன. இவ்வாறு முதல் ஆறு ஆண்டுகளின் 253 அத்தியாயங்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்றும் காணாமற்போனவையாகவே உள்ளன. எவரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. அலுமாரியில் இடம் வேண்டியிருந்தது. கணக்குப் புத்தகத்தில் மிச்சம் காட்டவேண்டியிருந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை மறவாத எமக்கு, பகைவன் அழிப்பது எப்படியிருக்கும் என்று தெரியும். உடையவனே அக்கறையின்றி அழிப்பது வேறு வகை. அதற்குக் கண்ணீர்விடக்கூட எவருக்கும் அன்று தோன்றவில்லை.

சிலருக்குத் தோன்றியது. அவர்களிற் பலர் பாடசாலைச் சிறுவர்கள்.

அறுபதுகளில் வீட்டில் ஒளிப்பதிவுக் கருவி ஏது? சுருள்நாடா ஒலிப்பதிவுக் கருவி சில வீடுகளில் இருந்தது. சனிக்கிழமை மாலையில் தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கிக்கு முன்னால் ஒலிவாங்கியை வைத்து, அம்மாவையும் தங்கையையும் பேசாமல் இருக்கச் சொல்லி, முழு நாடகத்தையும் ஒலியாகப் பதிந்துவைத்த பிள்ளைகள் இருந்தனர். சற்றுக் கெட்டிக்காரர் பெட்டியைக் கழற்றிக் கம்பியை நேரடியாகவே பொருத்தினார்கள். பி.பி.சி.யின் களஞ்சியத்தில் இல்லாத அத்தியாயங்கள் அனைத்தினதும் ஒலி இன்று நம்மிடம் இருப்பது இவர்களால்தான். ஒன்றுகூடத் தவறவில்லை. படம் போயிற்று, குரல் நிற்கின்றது. பி.பி.சி. பின்னர் இவர்களிடமிருந்தே அந்த ஒலியைப் பெற்று இறுவட்டுகளாக வெளியிட்டது. 1966இல் ஒளிபரப்பாகி முற்றாக அழிந்துபோன 'டாலெக்குகளின் வல்லமை' என்ற கதை, அந்த ஒலிக்கு ஏற்பச் சித்திரங்கள் வரையப்பட்டு, ஐம்பது ஆண்டுகளின் பின்னர் 2016இல் மீண்டும் திரைக்கு வந்தது.

படமும் ஓரளவுக்கு எஞ்சியது. ஜோன் கியூரா என்னும் லண்டன் புகைப்படக்காரர், ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சித் திரையைத் தமது கமராவாற் படம்பிடித்து, அச்சிறு படங்களை நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுச் சீவித்தவர். தமது வேலைக்குச் சான்று வேண்டியவர்கள் வாங்கினார்கள். வாரிஸ் ஹுசைன் தாம் இயக்கிய 'மார்க்கோ போலோ'வுக்குரிய படங்களைப் பல பத்தாண்டுகள் தம்மிடமே வைத்திருந்தார். குப்ளாய் கானின் அரண்மனை எப்படியிருந்தது என்று நாம் அறிவதற்கு அவை துணைசெய்கின்றன.

1978இல்தான் அழிப்பு நின்றது. தொடரின் தீவிர இரசிகரும் இசைத் தயாரிப்பாளருமான இயன் லெவின், எறிவதற்கென ஒதுக்கப்பட்டிருந்த டாலெக் கதையின் சுருள்களைக் கண்டு தடுத்தார். அதே காலத்தில் பி.பி.சி.யின் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக வந்த சூ மல்டன் என்ற பெண்மணியும், எது போயிற்று, எது இருக்கின்றது என்று கணக்கெடுக்கத் தொடங்கினார். அதன் பின்னர் தொடங்கிய தேடல் இன்றும் ஓயவில்லை. 1983இல் லண்டனில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் இரண்டு அத்தியாயங்கள் அகப்பட்டன. ஹொங்கொங்கிலிருந்து ஒரு முழுக்கதை 1990களின் தொடக்கத்தில் வந்துசேர்ந்தது. பாடசாலைக் களியாட்ட விழாவொன்றிற் பழைய படச்சுருள்களை வாங்கிய ஓய்வுபெற்ற பொறியியலாளர் ஒருவரிடம் இரண்டு இருப்பது 2011இல் தெரியவந்தது. 2013இல் நைஜீரியாவின் ஜொஸ் நகரத் தொலைக்காட்சி நிலையத்தில் தூசி படிந்து கிடந்தவற்றிலிருந்து ஒன்பது அத்தியாயங்கள் மீண்டன. தாய்வீட்டில் எறியப்பட்டது, அயல்நாட்டில் எவரோ மறந்துபோய் விட்டுவைத்ததால் பிழைத்தது.

இவ்வளவு பாடு ஒரு சிறுவர் நாடகத்துக்கா என்று கேட்பவர்கள் உண்டு. என் மனைவியும் கேட்பாள். அட்டைப் பலகையாற் செய்த குகைகளும் சமையலறைச் சாமான்களை நினைவூட்டும் டாலெக்குகளும் நிறைந்த நாடகம்தான், மறுக்கவில்லை. ஆயினும் அந்த டாலெக்குகளை உருவாக்கிய ரெறி நேஷன், யுத்தகாலத்தில் வேல்ஸில் வளர்ந்தவர். தம்மினம் அல்லாத எவரும் உயிர்வாழத் தகுதியற்றோர் என்று நம்பும் அந்த இனத்தை அவர் நாசிகளை மனத்திற்கொண்டே படைத்தார். இதனை விளங்கிக்கொள்ள எமக்கு ஆங்கில அறிவு அதிகம் வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. முதல் நாயகரான வில்லியம் ஹார்ட்னெல் நோயுற்றபோது, டொக்டர் தம் உடலை மாற்றிப் புதியவராக எழுவார் என்று ஒரு வழி கண்டார்கள். 1966இல் கண்ட அந்த வழிதான் தொடரை இவ்வளவு காலம் இழுத்து வந்தது. முகமும் குரலும் மாறும், ஆள் அவரேதான். புதிய நாட்டில் புதிய முகத்தோடு எழவேண்டியவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். 2023இல் அந்தப் பாத்திரத்தை ஏற்ற ஞ்சூற்றி கற்வா, ருவண்டாவிற் பிறந்து, 1994இன் இனப்படுகொலைக்குத் தப்பிய குடும்பத்தோடு குழந்தையாக ஸ்கொற்லாந்துக்கு வந்தவர். சொந்தக் கிரகத்தை இழந்தவராக நடித்தவர் நாட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளை. அறுபது ஆண்டுகள் சென்றன, அதற்கு.

இரசிகர்கள் காத்தது நாடாக்களை மட்டுமன்று. 1976இல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்து, மறு ஆண்டு பற்றர்சியில் ஒரு தேவாலய மண்டபத்தில் முதல் மாநாட்டைக் கூட்டினார்கள். 1989இல் பி.பி.சி. தொடரைக் கைவிட்டபின், நடு லண்டனின் பிற்ஸ்றோய் மதுச்சாலையில் மாதந்தோறும் கூடிய இரசிகர்களிற் சிலர், அடுத்த கதைகளைத் தாமே நாவல்களாக எழுதினார்கள். 2005இல் தொடரை மீட்டவர் அத்தகைய இரசிகரான ரசல் டேவிஸ். 2013இல் டொக்டராகத் தெரிவான பீற்றர் கபால்டி, பதினைந்து வயதில் இத்தொடரைப் புகழ்ந்து 'றேடியோ ரைம்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதியவர்.

ஒளிநாடா வீடுகளுக்கு வருமுன்னர், தவறவிட்ட கதையை அறிய ஒரே வழி புத்தகம்தான். அவற்றில் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை எழுதிய ரெறன்ஸ் டிக்ஸ் 1935இல் ஈஸ்ற்ஹாமிற் பிறந்தவர். ஆம், எமது ஈஸ்ற்ஹாம்தான். இன்று இடியப்பமும் மீன்குழம்பும் விற்கும் கடைகளுள்ள அதே ஊர். 1984இன் இறுதியில் நான் வந்திறங்கியதும் அங்கேதான். சிறிய சொற்களும் நேரான வசனங்களும் கொண்ட அவருடைய புத்தகங்களைப் பொது நூலகத்தில் இரவல் எடுத்து, அகராதியின் துணையோடு வாசித்தே நான் ஆங்கிலம் பழகினேன். வகுப்புக்குப் போக நேரமும் இல்லை, பணமும் இல்லை.

அந்த அறையில் நாம் நால்வர். வாடகைக்கு எடுத்த ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. 1985இன் தொடக்கத்தில் சனிக்கிழமை மாலைகளில் கொலின் பேக்கர் டொக்டராக வந்தார். ஒரு விளங்காத வசனத்தையேனும் மீண்டும் கேட்டு விளங்கிக்கொள்ளலாம் என்று, பெப்ரவரி 16ஆம் திகதி 'இரு டொக்டர்கள்' கதையின் முதற்பாகத்தைக் கசெற்றில் பதியத் தீர்மானித்தேன். புதிய கசெற் வாங்கக் கையிற் பணம் இல்லை. ஊரிலிருந்து வந்த கசெற் ஒன்று இருந்தது. அந்நாளில் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்து அனுப்புவது எம்மவரிடையே வழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கத்தில் அம்மாவும் தங்கைகளும். மறுபக்கம் முழுவதும் ஐயா. வெங்காயம் நட்டது, கிணற்றில் நீர் வற்றியது, யார் யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்பது. இரண்டு தடவை கேட்டிருந்தேன். ஐயா இன்னும் அனுப்புவார்தானே என்று எண்ணி, அந்தப் பக்கத்தின் மேல் பதிந்தேன்.

அதன் பின்னர் ஐயா கசெற் எதுவும் அனுப்பவில்லை. அனுப்பும் காலம் ஊரில் இருக்கவில்லை; பிறகு அவரும் இருக்கவில்லை. பி.பி.சி. அதிகாரிகளைப் பற்றி இக்கட்டுரையில் நான் கடுமையாக எழுதாததன் காரணம் இதுவே.

நான் பதிந்த அந்த அத்தியாயம் பி.பி.சி.யிற் பழுதின்றிப் பத்திரமாக இருக்கின்றது. இறுவட்டில் துல்லியமாகக் கிடைக்கின்றது. எனது பதிவு எவருக்கும் தேவைப்படவில்லை. அந்த ஆண்டின் அத்தியாயங்கள் ஏறக்குறைய நாற்பத்தைந்து நிமிடம் கொண்டவை. தொண்ணூறு நிமிடக் கசெற்றின் ஒரு பக்கமும் அவ்வளவே. ஏறக்குறையத்தான். முடிவிசை ஓய்ந்தபின் சற்று நாடா மிஞ்சியிருந்தது. அதில் ஐயா, பாதி வசனத்திலிருந்து பேசுகின்றார்:

"...குளிரெண்டால் தலைக்குத் துவாயைக் கட்டிக்கொண்டு போ மோனை. சரி, இனி நாடா முடியப்போகுது போலை கிடக்கு."