பதிவேட்டில் ஒளிந்திருக்கும் கண்டி மாளிகை

தம்புள்ளைக் குகை விகாரையின் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்குவோரில் பலர், அத்தனையும் வலகம்பா மன்னன் காலத்து ஓவியம் என்றே நம்புகிறார்கள். கி.மு. முதலாம் நூற்றாண்டில் அவன் இந்த விகாரையை அமைத்தான் என்பது மரபு. ஆனால் இன்று நாம் காணும் ஓவியங்களில் பெரும்பகுதி, கண்டியை 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தவை. மதுரை நாயக்கர் வழியில் வந்தவன் அவன்.

அவனது மாளிகை எப்படி இருந்தது என்று அறிய விரும்பும் மாணவர், கொஞ்சம் சுற்றி வளைத்து ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தின் இணையப் பதிவேட்டுக்குப் போகவேண்டும். 1765இல் ஒல்லாந்தர் படை கண்டிக்குள் புகுந்து மாளிகையைக் கொள்ளையிட்டது. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த சிறு பீரங்கியொன்று அப்படித்தான் நெதர்லாந்து போய், பின்னர் ரைக்ஸ்மியூசியத்தில் சேர்ந்தது. கண்டிப் பிரதானி லெவ்கே திசாவையின் பெயரால் அறியப்படும் பீரங்கி அது. இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து அதன் வரலாற்றைத் துருவினார்கள். 2023 டிசம்பரில் பீரங்கியோடு வாள்கள், கத்தி, துப்பாக்கிகள் என ஆறு பொருட்கள் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன. அந்தப் பதிவேட்டில் அவற்றின் படங்களைக் கைபேசியிலேயே பெரிதாக்கி, வேலைப்பாட்டைக் கோடு கோடாகப் பார்க்கலாம்.

படத்தோடு நின்றுவிடுவதுதான் பலர் விடும் தவறு. ஆராய்ச்சிக்கு உயிர் கொடுப்பது பக்கத்திலிருக்கும் வறண்ட குறிப்பு. பிரித்தானிய நூதனசாலையில் உள்ள தாரா சிலையை எடுத்துக்கொள்வோம். பொன் முலாம் பூசிய வெண்கலம், 143 சென்ரிமீற்றர் உயரம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்தது. அதன் பதிவு எண் 1830,0612.4. அதாவது 1830 ஜூன் 12இல் பதிவான நான்காவது பொருள். கொடுத்தவர் ரொபர்ட் பிரவுண்றிக். 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனபோது இங்கே தேசாதிபதியாக இருந்தவரும் அவரே. நூதனசாலைக்குச் சிலை எப்படி வந்தது என்பதைப் பதிவேடு சொல்லும். பிரவுண்றிக்கின் கைக்கு அது எப்படி வந்தது என்பது வேறு கேள்வி. கலை வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

சிலையையும் பீரங்கியையும் கப்பலேற்றலாம், குகைக் கூரையை ஏற்ற முடியாது. அதனால் சுவரோவியங்களுக்குப் பிரதிகளும் பழைய ஒளிப்படங்களுமே ஆவணம். சிகிரியா ஓவியங்களை டி. ஏ. எல். பெரேரா 1896-97இல் எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுத்தார். 1967இல் விஷமிகள் அந்த ஓவியங்கள்மீது பச்சைப் பூச்சை அப்பியபோதுதான் இப்படிப்பட்ட பிரதிகளின் அருமை விளங்கியது. தம்புள்ளையிலேயே மத்திய கலாசார நிதியத்தின் சுவரோவிய நூதனசாலை இருக்கிறது. நாட்டின் பல இடத்து ஓவியங்களின் பிரதிகளை அங்கே ஒரே கூரையின்கீழ் ஒப்பிடலாம். குகைக்கு வரும் கூட்டத்தில் பலர் அதைக் கவனிக்காமலே பஸ் ஏறிவிடுகிறார்கள்.

இணையப் பதிவேடுகளில் தேடும்போது ஒரு சிறு தந்திரம்: 'ஸ்ரீலங்கா' என்று மட்டும் தேடினால் போதாது, 'சிலோன்' என்றும் தேட வேண்டும். பழைய குறிப்புகளில் ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய ஆங்கில நூலையும் இணையத்தில் படிக்கலாம். கண்டிக் காலக் கலைக்கு இன்றும் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பேன்.

திரையில் கிடைக்காத ஒன்றும் உண்டு. தம்புள்ளையின் ஓவியங்கள் பாறையின் மேடு பள்ளங்களோடு வளைந்து, விரித்துக் கட்டிய விதானத் துணிபோல ஓடுகின்றன. தட்டையான படத்தில் அந்த வளைவு தெரியாது. பதிவேட்டைப் படித்தவரும் மலை ஏறத்தான் வேண்டும்.

இத்தனையையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தேடவேண்டியிருக்கிறது. நம் நூதனசாலைகளின் பதிவேடுகள் தமிழிலும் சிங்களத்திலும் இதே விரிவோடு இணையத்துக்கு வரவேண்டும். மாத்தளைப் பாடசாலைப் பிள்ளை தன் மாவட்டத்து ஓவியத்தைத் தன் மொழியில் தேட அதிகாரிகள் வழிசெய்யட்டும்.