பறித்த பிறகு மணக்கும் பூ

விடியற்காலையில் பறித்த குண்டுமல்லி மொட்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்து முகர்ந்து பாருங்கள். இலையைக் கசக்கினால் வருமே, அந்தப் பச்சை வாசம்தான் லேசாக வரும். அதே மொட்டை ஈரத்துணியில் சுற்றி வைத்து இரவு எட்டு மணிக்குப் பிரித்தால் அறை முழுக்க மல்லி மணக்கிறது. செடியை விட்டுப் பிரிந்து பதினான்கு மணி நேரம் ஆகியிருக்கும். வேரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வந்திருக்காது. இருந்தும் செடியில் இருந்தால் எந்தப் பொழுதில் விரியுமோ அந்தப் பொழுதில் விரிகிறது. சிறு வயதிலிருந்து தினமும் பார்த்து வளர்ந்ததால் இதில் வியக்க என்ன இருக்கிறது என்றுதான் நெடுநாள் இருந்தேன். இப்போது ஒவ்வொரு இரவும் வியக்கிறேன்.

எங்கள் ஆர்.கே.பேட்டை பக்கம் பகலில் தறிச் சத்தம் ஓயாது. அம்மையார்குப்பம் வரைக்கும் லுங்கி நெய்கிற வீடுகள். ஊரைத் தாண்டினால் வேர்க்கடலை, கரும்பு, மாந்தோப்பு, அவற்றுக்கு நடுவே அரை ஏக்கர், கால் ஏக்கர் என்று மல்லித் துண்டுகள். பேச்சில் தமிழும் தெலுங்கும் கலந்தே வரும். 1960 ஏப்ரல் 1-ம் தேதி திருத்தணி வட்டம் நம் மாநிலத்தோடு சேரும்வரை இதெல்லாம் சித்தூர் மாவட்டம்தானே. ஒரு வீட்டில் குண்டுமல்லி என்பார்கள், அடுத்த வீட்டில் பொண்டு மல்லெ என்பார்கள். இரண்டு வீட்டிலும் சாயங்காலம் அதே வாசனைதான்.

நான் எழுத நினைத்தது அந்த வாசனையைப் பற்றி. அது மொட்டுக்குள் எங்கே ஒளிந்திருந்தது?

மல்லி மொட்டைப் பிரித்து ஆராய்ந்தவர்கள் கண்ட விடை அழகானது. லினலூல் போன்ற மணப்பொருள்கள் மொட்டுக்குள்ளேயே தயாராகின்றன. ஆனால் அவற்றில் ஒரு பகுதி தனியாக இருப்பதில்லை, சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. சர்க்கரையோடு சேர்ந்திருக்கும்வரை மணப்பொருள் ஆவியாகாது. ஆவியாகாத பொருள் மூக்குக்கு எட்டாது. பூ விரியும் வேளை வந்ததும் நொதிகள் அந்தப் பிணைப்பை அறுக்கின்றன, மணம் விடுபடுகிறது. அதோடு புதிதாகவும் மணப்பொருள்கள் உருவாகிக்கொண்டே இருக்கின்றன. இவ்வளவும் நடப்பதற்கு வேண்டிய சரக்கை அந்தச் சின்ன மொட்டே கட்டிக்கொண்டு வருகிறது. நெடுந்தூரம் போகிற பிள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டித் தருவதுபோல், செடி தன் மொட்டுக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டிக் கொடுத்துவிடுகிறது. பறிக்கப்படும் என்று செடிக்கு யார் சொன்னார்கள்? படைத்தவனுக்குத் தெரியும் என்பதற்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

எல்லாப் பூவும் இப்படி இல்லை. ரோஜாவைப் பறித்தால் இருக்கிற வாசனையை இழந்துகொண்டே வரும். பிரான்சில் கிராஸ் என்னும் ஊரில் வாசனைத் திரவியம் செய்தவர்கள் இந்த வேறுபாட்டை அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நாம் பிச்சி, சாதிமல்லி என்கிற, குண்டுமல்லியின் உடன்பிறப்பை அவர்கள் காய்ச்சி வடிக்கவில்லை. கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி, அதன்மேல் பூக்களைப் பரப்பி ஒரு நாள் விட்டுவிடுவார்கள். பறித்த பூ கொஞ்சம் கொஞ்சமாக மணத்தை வெளியிட, கொழுப்பு அதைக் குடித்துக்கொள்ளும். சீனாவில் ஃபூச்சோ என்னும் ஊரில் நம் குண்டுமல்லியின் இனத்தையே பகலில் மொட்டாகப் பறித்து, இரவில் தேயிலையோடு கலந்து வைக்கிறார்கள். விரிகிற பூவின் மணம் முழுவதும் தேயிலைக்குள் இறங்கும். விடிந்ததும் வாடிய பூவைச் சலித்தெடுத்துவிட்டு, இரவில் புது மொட்டோடு மறுபடியும் கலப்பார்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2014-ல் அந்த ஊர் மல்லியையும் தேயிலையையும் உலக வேளாண் மரபுச் செல்வமாக அறிவித்தது. எங்கோ இருக்கிற அவர்களும் இதே மொட்டின் இரவு நேரத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு அந்த ஊர் பக்கத்து ஊர்போல் தோன்றுகிறது.

ஒரு நாள் இரவு எதிர்வீட்டு அத்தை கட்டிய சரம் ஒன்றை ஆணியில் மாட்டிவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். தறியில் மிஞ்சிய நூலில் கட்டிய சரம். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, காம்பைச் சுற்றி ஒரு சுருக்கு. ஏழு மணிக்கு மொட்டுகள் முத்துப்போல் மூடியே இருந்தன. இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருந்த விளிம்பு, மெல்லிய கோடாக மட்டும் தெரிந்தது. ஏழரைக்கு அந்தக் கோடு சற்று நெகிழ்ந்து, நுனியில் ஊசி நுழைகிற அளவு துளை விழுந்தது. கண் கொட்டாமல் பார்த்தாலும் அசைவு தெரியாது. பார்வையை எடுத்துவிட்டுத் திரும்பினால் மட்டும் மாறியிருக்கும். முதலில் வெளி இதழ் ஒன்று தனியே விலகியது, பிறகு இன்னொன்று. எட்டே காலுக்கு நடுக்குழாய் தெரிந்தது. அதற்குள் இருக்கும் மகரந்தத் தாள்கள் மல்லிக் குடும்பத்துப் பூவில் பெரும்பாலும் இரண்டே இரண்டுதான். ஆலிவ் மரமும் நம் பவழமல்லியும் இதே குடும்பம், அவற்றுக்கும் இரண்டுதான். வாசனை எந்த நிமிடத்தில் வந்தது என்று பிடித்துவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன். பிடிக்க முடியவில்லை. வந்துவிட்டது என்று உணர்ந்தபோது அது வந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

வெள்ளை நிறம், இரவில் விரிவது, காற்றில் தூரம் போகிற மணம், ஒடுங்கிய நீளக் குழாய் எல்லாம் நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிக்கான அழைப்பு. ஆனால் நம் ஊர்க் குண்டுமல்லி காய்த்து யாரும் பார்ப்பது அரிது. விதை போட்டு மல்லி வளர்த்தவர் என்று எங்கள் பக்கம் ஒருவரையும் கேள்விப்பட்டதில்லை. ஒரு கிளையை மண்ணில் பதித்து, வேர்விட்டதும் வெட்டி நட்டுத்தான் செடி செடியாகப் பெருகி வந்திருக்கிறது. ராமேசுவரத்துக்குப் பக்கத்தில் தங்கச்சிமடத்து மணலில் வேர்விட்ட நாற்றுகள்தான் தமிழ்நாட்டின் பல தோட்டங்களுக்குப் போகின்றன. யோசித்துப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது. என் வீட்டுச் செடிக்கு முன் ஒரு தாய்ச்செடி, அதற்கு முன் இன்னொன்று என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தால், ஒவ்வொரு இடத்திலும் குனிந்து மண்ணை அள்ளிப் போட்ட ஒரு மனிதக் கை இருக்கிறது. எந்தத் தலைமுறையிலாவது அந்தக் கைகள் ஓய்ந்திருந்தால் இந்தச் சரம் எனக்குக் கிடைத்திருக்காது.

என் கையும் அதில் ஒரு முறை தவறியது. சொல்லத்தான் வேண்டும். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் தானாகப் பாயுமே என்று ஒரு செடி வைத்தேன். இரண்டு வருடம் இலையாகத் தழைத்தது, பூ இல்லை. மூன்றாம் வருடம் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் மஞ்சளாக வெளிறின. உரம் போட்டேன், இன்னும் வெளிறியது. எதிர்வீட்டு அத்தை வந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். "தண்ணிய நிறுத்து கண்ணு. காய உடு. மூச்சு முட்டுது அதுக்கு" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. மல்லிக்கு வெயில் நாள் முழுக்க வேண்டும், தண்ணீர் வேண்டும், ஆனால் வேரில் தேங்கவே கூடாது. ஈரம் தேங்கிய மண்ணிலும், சோப்புத் தண்ணீர் பாய்ந்து காரமேறிய மண்ணிலும் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. நரம்பு பச்சையாக நிற்க இலை மஞ்சளாவது அதன் அடையாளம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிராம் அன்னபேதி கரைத்து இலையில் தெளித்தால் திரும்பப் பச்சை பிடிக்கும். என் செடியை இடம் மாற்றினேன். செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்த குழியில் பிழைத்துக்கொண்டது.

மொட்டுப்புழு வந்தால் மொட்டுகளை நூலாம்படையால் சேர்த்துக் கட்டி, உள்ளே துளைத்துத் தின்றுவிடும். அந்த மொட்டுகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பேன். வீட்டுச் செடிக்கு அது போதும்.

பறிப்பதுதான் பெரிய கலை. மூன்று மூன்றாக மொட்டு வரும், நடுமொட்டு முதலில் முற்றும், இரு பக்கத்து மொட்டும் பிறகு. இன்றைக்கு விரியப்போகும் மொட்டு பால்வெள்ளையாகப் புடைத்து நிற்கும். நாளைக்கு உரியதில் அடியில் ஒரு சாயல் பச்சை இருக்கும். தோட்டத்துப் பெண்கள் தலையில் டார்ச் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டில், அந்த ஒரு சாயலை வைத்துத்தான் நகத்தால் கிள்ளுகிறார்கள். ஒரு கிலோ சேர மூவாயிரம் மொட்டுக்கு மேல் கிள்ள வேண்டும். இன்றைய மொட்டை விட்டுவிட்டால் இரவு செடியிலேயே விரிந்து விலை போகாது. நாளைய மொட்டைப் பறித்துவிட்டால் அது விரியாமலே வாடும். ஒரு நாள் வித்தியாசத்தை ஒரு நிறச்சாயலில் எழுதி வைத்தவனையும் நினைக்கிறேன், அதை இருட்டில் படிக்கிற கண்களையும் நினைக்கிறேன். இருவரும் எனக்கு வணங்கத்தக்கவர்களாகவே படுகிறார்கள்.

இப்படிப் பறித்த பூவில் ஒரு பங்கு திருத்தணி முருகன் கோயிலுக்குப் போகும். ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடிகள் மலையேறும்போது பார்க்க வேண்டும். ஆண்டின் நாளுக்கொன்றாக 365 படி. தோளில் பூக்காவடியோடு பரணியிலிருந்தே கூட்டம் ஏறிக்கொண்டிருக்கும். காலையில் ஏறுகிற காவடியில் மல்லி மொட்டு வெறும் வெள்ளையாக இருக்கும். சாயங்காலம் சரவணப் பொய்கையில் தெப்பம் பார்க்க இறங்கி வரும்போது எங்கிருந்து என்று சொல்ல முடியாதபடி நாலா பக்கமும் மணக்கும். கொண்டுபோய்ச் சாத்துவது மட்டும்தான் நம் வேலை. சாத்திய பிறகு மணப்பதை அந்தப் பூ தானாகச் செய்துகொள்கிறது, சந்நிதியிலேயே, முருகன் மார்பிலேயே.

கார்த்திகையில் கவாத்து. நவம்பர் கடைசி வாரம் குண்டுமல்லிக்கு, டிசம்பர் கடைசி பிச்சிக்கு, ஜனவரி கடைசி முல்லைக்கு என்று வேளாண் பல்கலைக்கழகமே தேதி வைத்திருக்கிறது. உடன்பிறந்த மூன்றுக்கும் வெவ்வேறு முகூர்த்தம். மல்லி புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும், பழைய கொம்பு வெறும் இலைதான். அதனால் முன்கூட்டியே தண்ணீரை நிறுத்தி, செடியைக் காயவிட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் எல்லாக் கிளைகளையும் ஒரேயடியாக வெட்டி, மிஞ்சிய இலைகளையும் உருவிவிட வேண்டும். முதல் வருடம் எனக்குக் கை வரவில்லை. அத்தைதான் கத்தரிக்கோலை வாங்கி வெட்டினார். வெட்டும்போது செடியைப் பார்த்து ஏதோ தெலுங்கில் சொல்லிக்கொண்டே வெட்டினார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "தூங்குன்னு சொன்னேன்" என்றார்.

இந்த வருடம் நானே வெட்டினேன். கிழக்குப் பக்கத்துக் கிளை ஒன்றை மட்டும் வெட்டாமல் வளைத்து, கணுவுக்குக் கீழே லேசாகச் சீவி, மண்ணில் புதைத்து ஒரு கல்லை வைத்தேன். அத்தையின் பேத்தி கல்யாணமாகி நகரி பக்கம் போயிருக்கிறாள், அவளுக்கு ஒரு செடி வேண்டுமாம். வேர் பிடிக்க மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். வெட்டிய கொம்புகள் மூன்று வாரமாக விறகுக் குச்சிபோல் நின்றன. பனி அதிகம், தறி ஓடத் தொடங்குகிற நேரத்தில்கூட வெளிச்சம் வருவதில்லை. இன்று காலை டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலிருந்து இரண்டாவது கணுவில், இலை உதிர்ந்த தழும்புக்கு மேலே, இரண்டு பக்கமும் கடுகளவு பச்சை.