மொதெஸ்தா பாட்டியின் தெரு

விருத்தாசலத்து வாசகியருக்கு வடலூர் தருமசாலையைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. ஆனால் வயிறு நிறைந்தபின், "சௌக்கியமா, அம்மா?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

ரோமாபுரியில் சந்த் எஜீதியோ என்றொரு கிறிஸ்தவக் குழு. 1968-ல் மாணவர்கள் தொடங்கியது. வீடற்றவர்களுக்கு உணவு கொடுப்பதோடு விடாமல், பெயர் சொல்லி அழைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். 1982 கிறிஸ்துமஸன்று மாதா கோயிலுக்குள்ளேயே மேஜை போட்டு விருந்து வைத்துவிட்டார்கள்!

அடுத்த மாதமே, 1983 ஜனவரி 31-ல், ரயில் நிலையத்தில் மொதெஸ்தா வலெந்தி என்ற 71 வயதுப் பாட்டிக்கு உடம்பு மிஞ்சிவிட்டது. பேன் பிடித்தவளாம், ஆம்புலன்ஸில் ஏற்ற மறுத்தார்கள். காத்திருந்தே கண்ணை மூடினாள்.

இன்று ரோமில் வீடில்லாதவர்கள் நகரசபைப் பதிவேட்டில் கொடுக்கும் விலாசம், 'மொதெஸ்தா வலெந்தி தெரு'. போய்த் தேடாதீர்கள், அப்படியொரு தெருவே கிடையாது.