ஒற்றைச் சிகரெட்டில் இல்லாத எண்

சிகரெட் பாக்கெட்டின் மேல் 1800-11-2356 என்று ஓர் எண் இருக்கிறது. புகையிலையை விட நினைப்பவர்களுக்கு மத்திய அரசு நடத்தும் இலவச உதவி எண் அது. 2018 செப்டம்பர் முதல் புகையிலைப் பொருட்களின் உறைகளில் அதை அச்சிடுகிறார்கள். ஆனால் குன்றத்தூரில் பள்ளி விட்டு வரும் பையன் பாக்கெட்டா வாங்குகிறான்? டீக்கடையில் ஒன்றே ஒன்று வாங்கி, நண்பனோடு பாதிப் பாதி அடிக்கிறான். எண் அவன் கண்ணில் படுவதே இல்லை.

வேப் எனும் மின் சிகரெட் பிடிப்பவர்களின் நிலை இன்னும் மோசம். அதன் விற்பனைக்குத் தமிழ்நாடு 2018இல் தடை விதித்தது. 2019இல் நாடு முழுக்கத் தடை வந்தது. கள்ளத்தனமாகக் கைமாறும் பொருளில் நிக்கோட்டின் எவ்வளவு என்று எழுதியிருந்தாலும் நம்ப வழியில்லை. பழ வாசனையும் தொண்டையை உறுத்தாத புகையும் இருப்பதால் எத்தனை இழுப்பு இழுத்தோம் என்பதே தெரியாமல் போகும்.

2019இல் நாடு முழுவதும் 13 முதல் 15 வயது மாணவர்களிடம் எடுத்த அரசுக் கணக்கெடுப்பில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு புகையிலையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். சிகரெட் பிடித்துப் பார்த்தவர்களில் 38 சதவீதம் பேர் பத்து வயதுக்கு முன்பே தொடங்கியவர்கள். எனவே 'இந்த வயசுல இதெல்லாமா' என்று அதிர்ச்சி காட்டுவதில் நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

விடுவது ஏன் கடினம்? இழுத்த சில விநாடிகளில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்ச் சேர்கிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். மூளை உடனே அடுத்ததைக் கேட்கிறது. இருபத்தைந்து வயதுவரை மூளை வளர்ந்துகொண்டிருப்பதால், பதினாறு வயதில் இந்தப் பழக்கம் பெரியவர்களைவிட வேகமாகப் பிடித்துக்கொள்கிறது. இது மனவுறுதி இல்லாததன் அடையாளம் இல்லை. தன்னையே திட்டிக்கொள்ளும் பிள்ளைகளிடம் இதை முதலில் சொல்ல வேண்டும்.

நிறுத்திய இரண்டாம், மூன்றாம் நாள்தான் மிகக் கொடுமை. எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பாடத்தில் மனம் நிற்காது, பசி கூடும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் இவை பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால் தேர்வு வாரத்தில் தொடங்காமல் அதற்கு முன்போ பின்போ ஒரு நாளைக் குறித்துக்கொள்வது நல்லது. 'ஒரு தம்' என்ற அந்தத் தவிப்பு ஒவ்வொரு முறையும் சில நிமிடங்கள்தான் உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கலாம், இடத்தை விட்டு நகரலாம், யாரையாவது கூப்பிட்டுப் பேசலாம். டியூஷன் முடிந்து தினமும் நிற்கும் அந்தக் கடை வழியாக ஒரு மாதம் போகாமல் இருப்பதும் மருத்துவம்தான்.

மேலே சொன்ன எண்ணை அழைத்தால் தமிழிலேயே பேசலாம். தென்மாநில மொழிகளுக்கான மையம் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இருக்கிறது. எப்போதெல்லாம் பிடிக்கத் தோன்றுகிறது என்று ஆலோசகர் கேட்பார், விடும் நாளைக் குறிக்கச் சொல்வார், பிறகு அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள். வெறும் பேச்சால் என்ன ஆகும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் வேப் பிடித்த 1,503 பதின்பருவத்தினரிடம் நடந்த, 2024இல் வெளியான ஆய்வில், தொடர்ந்து குறுஞ்செய்தி மூலம் துணை கிடைத்தவர்களில் சுமார் 38 சதவீதம் பேர் ஏழு மாதம் கழித்து வேப் பிடிக்காமல் இருந்தார்கள். கிடைக்காதவர்களில் 28 சதவீதம்.

நேரில் பேச வேண்டுமென்றால், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 2002இல் தொடங்கிய புகையிலை நிறுத்த மையத்துக்குப் போகலாம். நாட்டின் முதல் பதின்மூன்று மையங்களில் அதுவும் ஒன்று. விடுவதற்கு உதவும் நிக்கோட்டின் சூயிங்கம்மைப் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. சிகரெட்டுக்குப் பதில் கூல் லிப் என்ற புகையிலைப் பையை வாயில் வைத்துக்கொள்வதும் விடுவது ஆகாது. அதிலும் அதே நிக்கோட்டின்தான், கூடவே வாய்ப்புற்று அபாயமும்.

வேப் பற்றி மருத்துவரிடம் சொன்னால் போலீஸ் வரும் என்று பல பிள்ளைகள் பயப்படுகிறார்கள். 2019 மின் சிகரெட் தடைச் சட்டத்தின் தண்டனை தயாரிப்பவர், விற்பவர், விளம்பரம் செய்பவர், சரக்கைப் பதுக்குபவர் போன்றோருக்கு. பிடித்தவருக்கு அதில் தண்டனை இல்லை. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குச் சிகரெட் விற்றாலும் குற்றவாளி கடைக்காரர்தான். எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லலாம்.