சிரிப்புக்கு என்ன சம்பளம்?

அமிர்திக்குப் போயிருக்கிறீர்களா? வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலையடிவாரம். காடு, ஒரு சின்ன மிருகக்காட்சிசாலை, மழை பெய்தால் ஒரு அருவி. பெய்யாவிட்டால் வெறும் பாறை! நான் போன ஞாயிற்றுக்கிழமை பாறைதான் இருந்தது.

ஆனால் வேடிக்கைக்குக் குறைவில்லை. மரத்தடியில் ஆம்பூர்க் குடும்பம் ஒன்று ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தது. பாட்டி, இரண்டு பிள்ளைகள், இரண்டு மருமகள்கள், குழந்தைகள். மூத்தவருக்குத் தோல் ஷாப்பில் வேலை, இளையவருக்கு ஷூ கம்பெனியில் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. சாப்பாடு முடிந்ததும் மூத்தவர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். வேன் வாடகை, டிக்கெட், பிரியாணி எல்லாம் அதில் வரிசையாக இருந்தன.

"தம்பி, உன் பக்கம் தலை அஞ்சு. என் பக்கம் மூணு. அதும்படி பிரிச்சுக்கலாம்" என்றார்.

இளைய மருமகளின் முகம் சுண்டிப் போயிற்று. பாட்டி வெற்றிலையை மென்றபடியே சொன்னாள்: "ஏண்டா பெரியவனே, அப்படியே ஜமக்காளத்து நடுவிலே ஒரு கோடும் கிழிச்சுடு. விசு படமாவே ஆயிடும்!"

அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். மூத்தவரும் அசட்டுச் சிரிப்புடன் காகிதத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

பாட்டி சொன்ன படம் உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? 1986ல் வந்த 'சம்சாரம் அது மின்சாரம்'. மனைவி பிரசவத்துக்குப் பிறந்தகம் போய்விட்டாள், அதனால் வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைத்துக்கொள்கிறேன் என்று மூத்த பிள்ளை கணக்குப் பேசுவான். அப்பா அம்மையப்ப முதலியாருக்கு ரோஷம் வரும். வீட்டின் நடுவே கோடு விழும். அந்த அப்பாவாக நடித்தவர், கதை வசனம் எழுதியவர், டைரக்ட் செய்தவர் எல்லாம் ஒருவரே: விசு.

மேடையிலிருந்து வந்தவர்

எம். ஆர். விஸ்வநாதன் என்பது அவருடைய முழுப் பெயர். 1945ல் பிறந்தவர். சென்னை சபாக்களில் நாடகம் போட்டுக் கைதட்டல் வாங்கியவர். அவருடைய 'பட்டினப் பிரவேசம்' நாடகத்தை 1977ல் கே. பாலசந்தர் படமாக்கினார். 1981ல் ரஜினிகாந்த் மீசையை வைத்துக்கொண்டு நம்மைச் சிரிக்க வைத்தாரே, அந்தத் 'தில்லு முல்லு'வுக்கு வசனம் விசுதான். அதே ஆண்டு வந்த 'நெற்றிக்கண்', 'குடும்பம் ஒரு கதம்பம்' இரண்டும் அவர் எழுத்து.

1982ல் டைரக்டரானார். கல்யாணத்துக்கு எட்டு நிபந்தனை போடும் மாப்பிள்ளை எஸ்.வி.சேகர், எட்டும் பொருந்தும் என்று சொல்லிக் கழுத்தை நீட்ட வைக்கும் நாயுடு. 'மணல் கயிறு' அந்த ஆண்டுதான் வந்தது. வரன் பார்க்கும் வீடுகளில் இன்றும் அந்த எட்டு நிபந்தனைகளைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் ஒரு சமாசாரம் கவனித்தீர்களா? கனமான கதை. நடுவில் மனோரமாவின் வேலைக்காரி கண்ணம்மா இல்லாவிட்டால் நாம் அழுதே தீர்ந்திருப்போம். அதைவிடத் துணிச்சல் முடிவில் இருக்கிறது. பிரிந்தவர்கள் சேர்ந்தார்கள், சுபம் என்று மணி அடிக்கவில்லை. மூத்த மருமகள் உமா, அதாவது லட்சுமி, தனியாகவே இருந்துகொண்டு அவ்வப்போது வந்து சேர்ந்திருப்போம், அப்போதுதான் அன்பு கெடாது என்று நிதானமாகச் சொல்கிறாள். தமிழ்ப் படத்தில் ஒரு மருமகள் பேசிய பேச்சு அது!

ஏவி.எம். தயாரித்த அந்தப் படத்துக்கு, நல்ல பொழுதுபோக்குச் சித்திரம் என்று தேசிய விருது கிடைத்தது. தெலுங்கு, கன்னடம், இந்தி, மலையாளம் என்று நாலு பாஷைகளில் மறுபடி எடுத்தார்கள்.

பிறகு டெலிவிஷன். சன் டி.வி.யில் ஞாயிறு காலை 'அரட்டை அரங்கம்'. பிறகு ஜெயா டி.வி.யில் 'மக்கள் அரங்கம்'. ஊர் ஊராகப் போய், வசனம் எழுதியவரே ஒதுங்கி நின்று, ஜனங்களைப் பேச விட்டார். சமையலறையில் மட்டும் பேசிக்கொண்டிருந்த எத்தனையோ பெண்கள் முதன்முதலாக மைக் பிடித்தது அங்கேதான்.

பணம் எங்கே போகிறது?

இவ்வளவு சிரிக்க வைத்தவர் கோடி கோடியாகச் சேர்த்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? கொஞ்சம் பொறுங்கள்.

அமெரிக்காவில் டெலிவிஷன் எழுத்தாளர்கள் 1960ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். எழுதியதை மறுபடி காட்டினால் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. போராடிப் பெற்றார்கள். 'ஸைன்ஃபெல்ட்' என்ற ஹாஸ்யத் தொடர் 1998லேயே முடிந்துவிட்டது. ஆனாலும் அதை உருவாக்கிய ஜெரி ஸைன்ஃபெல்டும் லாரி டேவிட்டும் மறு ஒளிபரப்பு விற்பனையாலேயே பெருஞ் செல்வர்களானார்கள்.

நம் ஊர் வழக்கம் வேறு. எழுத்தாளருக்கு ஒரு தொகை. அத்தோடு கணக்குத் தீர்ந்தது. படம் நூறு தரம் டி.வி.யில் ஓடினாலும், பணம் உரிமை வைத்திருப்பவருக்கு. 2012ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்தைத் தியேட்டரில் காட்டுவது நீங்கலாக மற்ற வழிகளில் பயன்படுத்தினால், கதை, வசனம், பாட்டு எழுதியவர்களுக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு. 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தாலும் அந்த உரிமை போகாது.

சட்டம் வந்தது, வழக்கம் அவ்வளவு சீக்கிரம் மாறுமா? 2020 பிப்ரவரியில் 'நெற்றிக்கண்' படத்தை மறுபடி எடுக்கப் போவதாகச் செய்தி அடிபட்டது. உடம்பு தளர்ந்திருந்த நிலையிலும் விசு, "கதை என்னுடையது, என்னைக் கேட்க வேண்டாமா? கோர்ட்டுக்குப் போவேன்" என்ற பொருளில் பகிரங்கமாகக் குரல் கொடுத்தார். மறு மாதம், மார்ச் 22ந் தேதி, காலமானார். தேசம் முழுவதும் மக்கள் ஊரடங்கு அனுசரித்த ஞாயிற்றுக்கிழமை அது. வாழ்நாளெல்லாம் ஜனக் கூட்டத்துக்கு நடுவில் நின்றவருக்குக் கூட்டமே கூட முடியாத நாள்.

யோசித்துப் பாருங்கள். வீட்டுச் செலவில் என் பங்கு எவ்வளவு என்று கேட்ட பிள்ளையை விசு நமக்குக் காட்டினார். கடைசியில் தம் எழுத்தில் தம் பங்கு எது என்று அவரே கேட்க வேண்டி வந்தது. அந்தப் பிள்ளை கேட்டது கஞ்சத்தனம். இவர் கேட்டது நியாயம்.

உங்கள் வீட்டிலும் கதை எழுதும் பெண்ணோ பிள்ளையோ இருக்கலாம். நாளை சினிமாவிலோ டி.வி.யிலோ கூப்பிட்டால், சந்தோஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட விடாதீர்கள். எதை விற்கிறோம், எது நம்மிடம் தங்குகிறது என்று வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். வயிற்றெரிச்சல் மிச்சமாகும்.

அமிர்தியில் பிறகு என்ன ஆயிற்று என்கிறீர்களா? பொழுது சாய்ந்து வேனில் ஏறும்போது மூத்தவர் இளையவரிடம், "வாடகை நான் குடுத்துடறேன், நீ அம்மாவுக்குக் கண்ணாடி மாத்திக் குடு" என்றார். பாட்டி காதில் விழாத மாதிரி முந்தானையைச் சரி செய்துகொண்டாள்.