நட்புப் பந்தயமும் நடுநிலையும்

காற்பந்தாட்டத்தில் இருவகைப் பந்தயங்கள் உண்டு. ஒன்று, வெற்றி தோல்விக்குப் புள்ளி வழங்கப்பெறும் தொடர்ப் பந்தயம். மற்றொன்று, புள்ளியும் தகுதி நிலையும் கருதாது, பயிற்சியின் பொருட்டும் காட்சியின் பொருட்டும் ஆடப்பெறும் நட்புப் பந்தயம். பெயரளவில் நட்பு எனினும், பெரும்பணமும் பெரும் மனத்தாங்கலும் பின்னதிலேயே விளைகின்றன. புகழ்பெற்ற அயல்நாட்டுக் குழுவொன்று வந்து ஆடிச் சென்றபின், யாரைச் சேர்த்தனர், யாரை விலக்கினர், வசூல் எங்கே சென்றது என்ற கேள்விகள் எழாத ஊர் அரிது. இக்கேள்விகள் எழுவதற்குரிய காரணத்தையும், அவற்றைத் தீர்க்கும் வழியையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

தொடர்ப் பந்தயத்தில் யார் யாருடன், எந்நாளில், எந்த மைதானத்தில் ஆடுவது என்பதை அட்டவணை முன்னரே தீர்மானித்து விடுகின்றது. வலிய குழுவாயினும் எளிய குழுவாயினும் அதற்கு அடங்கியே நடத்தல் வேண்டும். நட்புப் பந்தயத்திலோ இவை யாவும் ஏற்பாடு செய்வோரின் விருப்பத்தைப் பொறுத்தவை. விருந்தினராக வரும் குழு முதலில் வருகைக் கட்டணம் கேட்கின்றது. அப்பெருந்தொகையை ஈடு செய்ய நுழைவுச் சீட்டு, ஒளிபரப்பு உரிமை, விளம்பரம், சிலவிடங்களில் அரசாங்க உதவி ஆகியவற்றை நாட வேண்டியிருக்கின்றது. சீட்டு விற்பதற்கு உள்ளூர் ஆட்டக்காரரின் திறமையைவிட வெளியூர் வீரர் ஒருவரின் பெயரே மிகுதியும் பயன்படுகின்றது. விதி இல்லாத இடத்தில் விருப்பம் ஆளுகின்றது. விருப்பம் ஆளும் இடத்தில் பட்சபாதம் உண்மையில் இல்லாவிடினும், இருப்பதாகவே தோன்றும்.

நம் நாட்டு நிகழ்ச்சிகளை நோக்குவோம். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் அர்ஜென்டினாவும் வெனிசுவேலாவும் ஆடின. அர்ஜென்டினா ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றது. மெஸ்ஸியைக் காணப் பெருங்கூட்டம் திரண்டது. ஆயினும் மைதானத்தில் ஆடிய இரு குழுக்களும் அயல்நாட்டினவே; நம்மவர் பார்வையாளராகவே இருந்தனர். 2022இல் உலகக் கோப்பையை வென்றபின் அதே அர்ஜென்டினா, 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இந்தியாவுடன் ஆடுவதற்கு இசைந்ததாகவும், கேட்ட கட்டணம் 32 முதல் 40 கோடி ரூபாய் வரை ஆகுமாதலால் அதனை ஏற்க இயலவில்லை என்றும் அகில இந்தியக் காற்பந்துச் சம்மேளனத்தின் அக்காலத்துச் செயலாளர் தெரிவித்தார். அக்குழு அம்மாதம் பீஜிங்கில் ஆஸ்திரேலியாவுடனும், ஜகார்த்தாவில் இந்தோனேசியாவுடனும் ஆடிச் சென்றது. தொண்ணூறு நிமிட ஆட்டத்திற்கு அத்துணைக் கோடி தருதல் தகுமோ, அத்தொகையில் எத்தனை சிறுவர்க்குப் பயிற்சி அளிக்கலாம் என்று எண்ணிப் பார்ப்போர்க்கு அம்மறுப்பு வருத்தமன்று, ஆறுதலே தரும்.

2025ஆம் ஆண்டு இவ்வினாவை இன்னும் கூர்மையாக்கிற்று. அவ்வாண்டு மார்ச்சு 30ஆம் நாள் சென்னை ஜவஹர்லால் நேரு மைதானத்தில், ஓய்வு பெற்ற பிரேசில் வீரர் குழு, இந்திய முன்னாள் வீரர் குழுவை 2-1 என வென்றது. ரொனால்டினோ, ரிவால்டோ முதலியோரைக் கண்ணாரக் கண்டவர் மகிழ்ந்தனர். டிசம்பர் 13ஆம் நாள் மெஸ்ஸி கல்கத்தாவுக்கு வந்தார். பல்லாயிரவர் ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கிச் சால்ட் லேக் மைதானத்தில் காத்திருந்தனர். அவரோ செல்வாக்குடையோர் கூட்டத்தால் சூழப்பெற்று, சிறிது நேரமே நின்று அகன்றார். பணம் கொடுத்தவர் காணவில்லை. பக்கத்தில் நிற்க இடம் பெற்றவரே கண்டனர். மக்கள் சினங்கொண்டு நாற்காலிகளைப் பெயர்த்து எறிந்தனர். ஏற்பாட்டாளர் கைது செய்யப்பட்டார். மாநில முதலமைச்சர் மன்னிப்புக் கோரி, விசாரணைக் குழு அமைத்தார். மக்களின் சினம் மெஸ்ஸியின்பால் எழுந்ததன்று; சலுகையின்பால் எழுந்தது என்பதே நம் துணிபு.

இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. அதே டிசம்பரில் நம் நாட்டின் முதன்மைத் தொடராகிய இந்தியன் சூப்பர் லீக் தொடங்கப்பெறாமலே கிடந்தது. அதனை நடத்தும் உரிமை பற்றிய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமையால், 2025 ஜூலையில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. குழுக்கள் சில சம்பளத்தையும் நிறுத்தின. இருமுறை அத்தொடரை வென்ற சென்னையின் குழுவும் இத்துன்பத்திற்கு விலக்கன்று. ஓர் அயல்நாட்டு வீரரின் சில நிமிட வருகைக்குப் பணம் திரட்ட வல்ல நாடு, தன் வீரர்க்கு ஆடுகளம் திறந்துவைக்க இயலாது நின்றது. நம் தமிழ்நாட்டிலேயே, கோயம்புத்தூரைத் தாயகமாகக் கொண்டாடிய சென்னை சிட்டி என்னும் குழு 2018-19ஆம் ஆண்டு ஐ-லீக் பட்டத்தை வென்றது. சுவிட்சர்லாந்தின் பாசல் குழு அதில் பங்கும் வாங்கிற்று. எனினும் சில ஆண்டுகளுக்குள் தேசிய அரங்கினின்று அது மறைந்தொழிந்தது. வெளிநாட்டுப் பெயர் ஒன்றுமட்டும் உள்ளூர் ஆட்டத்தை வாழ்விக்காது என்பதற்கு இது சான்று.

இக்குறை நமக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்தில் உள்நாட்டுத் தொடர் ஒன்று நெடுநாளாக உண்டு. ஆயினும் அந்நாட்டார் பலர் இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் குழுக்களிடத்தே பற்று மிக்கவர். 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் டப்ளினில் புதிதாய் எழுந்த அவீவா மைதானத்தின் முதல் காற்பந்துப் பந்தயத்தில், அவ்வுள்நாட்டுத் தொடரினின்று தெரிந்தெடுத்த குழு மான்செஸ்டர் யுனைடெட் குழுவுடன் ஆடி 7-1 எனத் தோற்றது. அக்கோடையில் லிமரிக் என்னும் சிறு குழு, பார்சிலோனாவைத் தன் நகருக்கு அழைத்து ஆட விரும்பிற்று; அந்நாட்டுக் காற்பந்துச் சங்கம் அதற்கு இசைவளிக்கவில்லை. சங்கத்தார்க்குத் தக்க காரணம் இருந்திருக்கலாம். ஆயினும் அனுமதி வழங்கும் கையும், தன் பந்தயத்திற்குச் சீட்டு விற்கும் கையும் ஒன்றாயிருக்குமிடத்து, மறுக்கப்பட்டவன் அதனை நீதியென ஏற்பது எங்ஙனம்? வழக்காடுவோனே நீதிபதியாக அமர்ந்தால், தீர்ப்புச் சரியாயினும் ஐயம் நீங்காது.

ஆகலின் இத்தகைய பந்தயங்களே வேண்டா என்பது நம் கருத்தோ எனின், அன்று. 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் குழு, கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகான் குழுவுடன் ஆடி 2-2 எனச் சமநிலை கண்டது. அங்கு அழைத்தவரும் எதிர்த்து ஆடியவரும் ஒரே உள்ளூர்க் குழுவினர். உலகறிந்த வீரரை எதிர்த்து நின்ற அவ்விளைஞர்கள், சில நாட்களில் ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றனர், அப்பருவத்திலேயே டூராண்டு கோப்பையையும் ரோவர்ஸ் கோப்பையையும் கைக்கொண்டனர். விருந்தினர் வருகை உள்ளூர் வீரர்க்கு ஊக்கமாய் அமையலாம் என்பதை இதனால் அறிகின்றோம். அவர்கள் களத்தில் இருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை.

இனி, ஐயத்தை நீக்கும் வழி யாது? ஹாங்காங்கில் 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் நிகழ்ந்தது ஒரு பாடம். மெஸ்ஸியின் இன்டர் மயாமி குழு அங்கு ஆடிற்று. அவரோ காயத்தின் காரணமாகக் களமிறங்காமல் அமர்ந்திருந்தார். அரசாங்க உதவி சம்பந்தப்பட்டிருந்தமையால், அவர் 45 நிமிடமேனும் ஆடவேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தது வெளிப்பட்டது. ஏற்பாட்டாளர் 1 கோடியே 60 இலட்சம் ஹாங்காங் டாலர் உதவியைக் கைவிட்டதோடு, சீட்டு விலையிற் பாதியைத் திருப்பித் தரவும் முன்வந்தனர். ஒப்பந்தம் வெளிச்சத்துக்கு வந்தமையாலன்றோ பரிகாரமும் வந்தது!

எனவே மூன்று முறைகளை நாம் வற்புறுத்துவோம். முதலாவது, அனுமதி அளிக்கும் சங்கம் தானே அப்பந்தயத்தின் வியாபாரியாக இருத்தலாகாது. இருக்க நேரின், முடிவைப் பிறிதொரு நடுவர் குழுவிடம் விடுதல் வேண்டும். இரண்டாவது, ஒப்பந்தத்தையும் வரவு செலவையும் அச்சிட்டு வெளியிடல் வேண்டும். மூன்றாவது, உள்ளூர்க் குழுவின் ஆட்டக்காரரைத் தொடரில் அவர் காட்டிய திறமை கொண்டே தெரிந்தெடுத்து, வசூலில் ஒரு பங்கை உள்நாட்டுக் குழுக்களுக்கும் சிறுவர் பயிற்சிக்கும் முன்னரே ஒதுக்குதல் வேண்டும். கட்டணம் மிகுதி என்பது குற்றமன்று. கணக்கு மறைவு என்பதே குற்றம்.

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் எரியும் சுடரைக் காண இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். அவ்வொருநாள் பெருங்கூட்டத்தைத் தாங்குவது, ஆண்டு முழுதும் குடிநீரும் வீதியும் சத்திரமும் பேணும் அன்றாட உழைப்பேயாம். அன்றாடத்தைப் பட்டினியிட்டு விழாவை நடத்தும் ஊர் நெடுநாள் விழாக் கொண்டாடாது. ஆட்டத்திற்கும் இதுவே விதி.

மாணவ நண்பர்காள், நீங்களும் நாளை ஏதேனுமொரு சங்கத்தின் செயலாளராகவோ பொருளாளராகவோ அமர்வீர்கள். வெள்ள நிவாரணத்திற்கோ பள்ளிக் கட்டடத்திற்கோ நட்புப் பந்தயம் நடத்துவீர்கள். குழுவிற் சேர்க்கப்படாத மாணவனுக்கு அதன் காரணத்தை நேரே சொல்லுங்கள். எட்டணாச் சீட்டாயினும் எட்டாயிரம் ரூபாய்ச் சீட்டாயினும், பந்தயம் முடிந்த ஒரு வாரத்திற்குள் அதன் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அவ்வளவு செய்தால், தோற்ற குழுவும் விலக்கப்பட்ட ஆட்டக்காரனும் உங்களோடு கைகுலுக்குவர். நட்புப் பந்தயம் என்னும் பெயர் அன்றே பொருளுடையதாகும்.